கல்லுல ஒரு கல்வெட்டு, காகிதத்துல ஒரு கல்வெட்டு

பெரிய காஞ்சிபுரத்துல வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரைப் பார்த்திருக்கீங்களா? பல்லவ ராஜாக்களோட கதை வரிசையா சிற்பமா இருக்கும். சிலதுக்குக் கல்வெட்டும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டு வேலை. மணற்கல் தேய்ஞ்சிருக்கு, ஆனா இருக்கு.

காகிதத்துக்கு அந்த ஆயுசு இல்லை. 1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வெச்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு. வேற பிரதியே இல்லாத ஏடுகளும் அதுல இருந்தது.

2005-ல சில தன்னார்வலர்கள் 'நூலகம்'னு ஒரு இணையத் திட்டம் ஆரம்பிச்சாங்க. முதல்ல ஈழத்துப் புத்தகங்களை உட்கார்ந்து தட்டச்சு செஞ்சாங்க, அப்புறம் ஸ்கேனர் வந்தது. நாவல், கவிதையோட நிறுத்தலை. பள்ளிக்கூட மலர், பழைய பத்திரிகை, நினைவு மலர்னு சேர்த்தாங்க.

இந்த நினைவு மலருக்கு யாழ்ப்பாணத்துல பேரே 'கல்வெட்டு'தான்! ஒருத்தர் இறந்து 31-ஆம் நாள் உறவுக்காரங்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். வம்சாவளி இருக்கும், ஊர்ப்பேர் இருக்கும், சில சமயம் மலேயாவுக்கு வேலைக்குப் போன கதையும் இருக்கும். கடையில கிடைக்காது. யார் வீட்டு அலமாரியிலயோ கிடக்கும். அதைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணணும்.

எரிஞ்சுபோன அந்த நூலகத்துல இதையெல்லாம் சேர்த்து வெச்சிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான்.