குடியுரிமையா, ஊரா? 1957 எழுப்பிய கேள்வி

சிங்கப்பூர்க் கடப்பிதழை வைத்திருப்பவர் முன்கூட்டியே விசா எடுக்காமல் 195 இடங்களுக்குப் போய்வரலாம் என்று 2024ஆம் ஆண்டு நடுவில் வெளிவந்த ஹென்லி பட்டியல் சொன்னது. உலகிலேயே முதலிடம் அதற்குத்தான். அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்துக்காக விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்று எத்தனையோ பேர்.

ஆனால் இதே குடியுரிமையை, "வாருங்கள், வந்து பதிந்துகொள்ளுங்கள்" என்று அரசாங்கமே கூப்பிட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது சிராங்கூன் சாலையிலும் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்துக்கொண்டிருந்த தமிழர்களில் கணிசமானோர் தயங்கி நின்றார்கள். சிலர் கடைசிவரை பதியவே இல்லை.

ஏன்? "படிப்பறிவு இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

கேட்காமலே கிடைத்த ஓட்டு

1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் வெறும் ஆறு. பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம். சீனாவில் பிறந்து இங்கே வந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் அந்நியர்தான். மாறாக, தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து கப்பலேறியவர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர். ஆகவே அவருக்கு ஓட்டு உண்டு. சுமார் 22 ஆயிரம் பேர்தான் அன்று வாக்காளர்களாகப் பதிந்திருந்தார்கள். அவர்களில் இந்தியர்கள், தங்கள் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு மிகுந்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஓர் உரிமை கேட்காமலே கைக்கு வந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து, "அதற்குப் பதிலாக இந்தப் பத்திரத்தை வாங்கிக்கொள், ஆனால் மற்ற நாட்டுப் பற்றைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்" என்கிறார். சீனர்களுக்கு 1957 ஒரு வெற்றி. சீன வர்த்தகச் சபை ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது அது. தமிழருக்கோ அதே பத்திரம் எதையோ விட்டுக்கொடுப்பதாகத் தோன்றியது.

என்ன அந்த "எதையோ"? ஊர்தான்.

1957 கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியர்களில் ஆண்கள், பெண்களைவிட இரு மடங்குக்கும் மேல். அதாவது, பெரும்பாலான ஆண்களின் குடும்பம் இங்கே இல்லை. மனைவி மன்னார்குடிப் பக்கத்திலோ பட்டுக்கோட்டைப் பக்கத்திலோ இருந்தார். மாதம் பிறந்தால் மணியார்டர். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ரஜூலா கப்பல். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். இங்கே சம்பாத்தியம், அங்கே குடும்பம். அப்படி வாழ்ந்தவருக்கு இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி. நடுவில் இருந்தது கடல். எல்லை இருப்பதாக அவர் நினைத்ததில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. தென்காசிக்கு அருகில் உள்ள கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள், பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் வேர்விடுவதற்குச் சட்டம் காத்திருக்கத் தேவைப்படவில்லை.

எல்லை எப்போது வந்தது? சத்தமில்லாமல் வந்தது. 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடிமக்களாகலாம் என்றது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. அடுத்த பிரிவே, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் ஆகமாட்டார் என்றது. இரண்டு தோணியில் கால் வைக்க இடமில்லை. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், புதிதாக வருவோருக்கு இந்தப் பக்கக் கதவையும் ஒருக்களித்துவிட்டது.

மூன்று மாதம்

1957 அக்டோபரில், லிம் இயூ ஹொக் முதலமைச்சராக இருந்தபோது, குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இயல்பாகவே உண்டு. வெளியே பிறந்து இங்கே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதிந்துகொள்ளலாம். நவம்பர் 1ஆம் தேதி பதிவு தொடங்கியது. முதல் மூன்று மாதங்களில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 1955இல் சுமார் 3 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 1959 தேர்தலில் 5 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. அந்தத் தேர்தலில்தான் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது.

இந்தக் கூட்டத்தில் தமிழர் பின்தங்கிவிடக் கூடாது என்று ஓயாமல் சொன்னவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியவர். ஊர்ப்பாசம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும், குடியுரிமை எடுங்கள், இந்த நாட்டில் வேர் பிடியுங்கள் என்று எழுதியும் பேசியும் வந்தார். தமிழ்மொழிக்கு இங்கே உரிய இடம் வேண்டும் என்று போராடியவரும் அவர்தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. வாக்காளர் பட்டியலில் ஆள் இல்லாவிட்டால் அந்த மொழிக்காக யார் வாதாடுவார்? தமிழ் இன்று நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருப்பதில், அந்த வரிசையில் நின்று பாரம் நிரப்பிய கூலித் தொழிலாளிக்கும் பங்கு உண்டு. நேருவும் கடல் கடந்த இந்தியர்களுக்குச் சொன்னது ஏறக்குறைய இதேதான்: வாழும் நாட்டோடு ஒன்றிவிடுங்கள்.

சொல்வது எளிது. ஊரில் இரண்டு மா நிலம் வைத்திருப்பவர், தங்கை கல்யாணத்தை முடிக்காதவர், "இன்னும் ஐந்து வருஷம், அப்புறம் போய்விடலாம்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் எப்படி முடிவெடுப்பார்? பதிந்துவிட்டால் ஊருக்குத் திரும்பி நிலையாகத் தங்க முடியாதோ என்ற பயம். பதியாவிட்டால் என்ன ஆகும் என்ற பயமோ அன்று யாருக்கும் இல்லை. 1957இல் வேலை பார்க்கக் குடியுரிமையை யாரும் கேட்கவில்லை.

இதே காலத்தில் இலங்கையில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சிங்கப்பூர் நீட்டியது எவ்வளவு பெரிய கை என்பது புரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அங்கே கேட்டவர்களுக்கு மறுக்கப்பட்டது. இங்கே கொடுத்தும் சிலர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரே வீடு, நான்கு நாடு

1957இல் பதிந்த ஒருவரின் கதையைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பிரஜையாக வந்தவர், சிங்கப்பூர்க் குடிமகன் ஆனார். 1963 செப்டம்பரில் மலேசியர் ஆனார். 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர்க் குடியரசின் குடிமகன். நோரிஸ் சாலையில் குடியிருந்த அறையைக்கூட மாற்றாமல் இத்தனையும் நடந்தது!

சுதந்திரத்துக்குப் பிறகுதான் பத்திரத்தின் எடை தெரிய ஆரம்பித்தது. 1965இல் வந்த வேலை ஒழுங்குமுறைச் சட்டம், குடிமக்கள் அல்லாத ஊழியர்களுக்கு வேலை அனுமதியைக் கொண்டுவந்தது. 1966இல் எல்லாருக்கும் புதிய அடையாள அட்டை: குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். (ஜொகூரில் இது தலைகீழ். அங்கே நீல அட்டைதான் குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. பாலத்துக்கு இரு பக்கமும் சொந்தக்காரர்கள் இருந்த குடும்பங்களில் இந்தக் குழப்பத்துக்குப் பஞ்சமே இருந்திருக்காது.) 1967இல் அந்தப் பாலத்தைக் கடக்கவும் கடப்பிதழ் தேவைப்பட்டது. அதற்கென்றே மேற்கு மலேசியாவுக்கு மட்டும் செல்லுபடியாகும் நீலநிறக் கட்டுப்பாட்டுக் கடப்பிதழ் ஒன்றைச் சிங்கப்பூர் வெளியிட்டது. நேற்றுவரை பஸ் ஏறிப் போய்வந்த அத்தை வீடு, வெளிநாடு ஆகிவிட்டது.

பிறகு 1968 ஜனவரி. தங்கள் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. சிங்கப்பூர்ப் பொருளியலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங்கில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை செய்தார்கள். ஆட்குறைப்பு வந்தபோது, இருக்கிற வேலை முதலில் குடிமக்களுக்கு என்பது அரசின் நிலை. புதிய நாடு, வேலையின்மை கழுத்தை நெரிக்கிறது, வேறு எப்படி முடிவெடுக்கும்? ஆனால் இருபது, முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர்களில் பலர் கிடைத்த பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். 1957இல் சுமார் 9 விழுக்காடாக இருந்த இந்தியர் விகிதம் 1980இல் 6.4 விழுக்காடு. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் திரும்பிப் போனவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

போனவர்களில் சிலருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். தேக்காச் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற எண் அது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிங்கப்பூரில் பிறந்த பிள்ளை குடிமகன். அப்பா வேலை அனுமதி புதுப்பிக்கக் காத்திருப்பவர். மகன் 1967க்குப் பிறகு தேசிய சேவைக்குப் போகவேண்டியவர். ஒரே வீட்டில் இரண்டு நிற அட்டைகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1966இல் தேசிய உறுதிமொழியை எழுதிய எஸ். ராஜரத்தினம் பிறந்தது யாழ்ப்பாணத்தில். வெளியே பிறந்தவர் எழுதிய சொற்களைத்தான் இங்கே பிறந்த பிள்ளைகள் தினமும் பள்ளியில் சொல்கிறார்கள்.

நிலம் வாங்க முடியாது

இப்போது சிராங்கூன் சாலையில் 1957இன் கேள்வி வேறு உடையில் நடமாடுகிறது. சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. விண்ணப்பம் கொள்கையளவில் அங்கீகரிக்கப்பட்டதும், பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றைக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரமாணம், இளஞ்சிவப்பு அட்டை, கடப்பிதழ்.

2005 இறுதியில் இந்தியா ஒரு சமாதானம் சொன்னது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ அட்டை. வாழ்நாள் முழுதும் விசா இல்லாமல் போய்வரலாம். ஓட்டு கிடையாது. விளைநிலம் வாங்கவும் முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். காவிரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம் வாங்குவதே வாழ்க்கையின் லட்சியம் என்று உழைத்த தலைமுறைக்கு இதைச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பாரத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்களோ!

பயணம் மட்டும் எளிதாகிக்கொண்டே போகிறது. ரஜூலாவுக்குப் பிறகு ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. அத்தோடு அந்தக் கப்பல் காலமும் முடிந்தது. 2006இல் கடப்பிதழுக்குள் சில்லு புகுந்தது. 2024 முதல் சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூரர்கள் கடப்பிதழை எடுத்துக் காட்டாமலே, முகத்தையும் கருவிழியையும் காட்டிக் கடந்துபோகிறார்கள்.

திருச்சியில் இறங்கும்போது கடப்பிதழைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஓசிஐ அட்டை எடுக்காத மூன்றாம் தலைமுறைத் தமிழர், தாத்தா பிறந்த மண்ணுக்குப் போக விசா விண்ணப்பம் நிரப்புகிறார். அதில் அப்பா பிறந்த இடம் எது, அம்மா பிறந்த இடம் எது என்று கேள்விகள் வருகின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று, பல வீடுகளில் பாட்டியைக் கேட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்கள்.