கினீசியாலஜி

கிரேக்கத்தில் 'கினேசிஸ்' என்றால் அசைவு. 'லோகோஸ்' என்பதிலிருந்து வந்த பின்னொட்டு, ஒன்றைப் பற்றிய அறிவைக் குறிக்கும். ஆக, கினீசியாலஜி என்பது உடலசைவியல். தசையும் மூட்டும் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் இத்துறை பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகிறது.

'அப்ளைடு' என்ற அடைமொழி முன்னால் சேர்ந்ததும் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டராக இருந்த ஜார்ஜ் குட்ஹார்ட் 1964இல் தொடங்கிய முறை அது. நோயாளி கையை நீட்டியபடி இருக்க, சிகிச்சையாளர் அதை அழுத்திப் பார்ப்பார். கை தாழ்ந்தால் உள்ளுறுப்பில் கோளாறு என்பார். நோயாளி மறு கையில் ஓர் உணவைப் பிடித்திருந்தால், அது அவருக்கு ஒவ்வாது என்றும் சொல்வார். ஆனால் அழுத்துபவரின் எதிர்பார்ப்பே, அவர் அறியாமல், அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். கையில் இருப்பது இன்னதென்று இருவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் இம்முறை வெறும் ஊகத்தைத் தாண்டவில்லை.

இதை நம்பி, பிள்ளைக்குப் பால் ஆகாது, கோதுமை ஆகாது என்று சத்தான உணவை நிறுத்திவிடும் பெற்றோரை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. உண்மையான ஒவ்வாமை கண்ணில் படாமல் போகும் ஆபத்து அதைவிடப் பெரிது. தோல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு, மருத்துவர் மேற்பார்வையில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துத்தான் ஒவ்வாமையை உறுதிசெய்கிறார்கள்.