வாயில இருக்குறதைக் கொடு!

மக்கா, முதல்ல ஒரு குட்டி கொசுவத்தி.

போன வருஷம் அந்தமான்ல ஸ்கூபா கத்துக்கப் போயிருந்தேன். ஆழம் ரெண்டு ஆள் உயரம்தான். ஜோடியா வந்தவர் 'காத்து தீர்ந்துபோச்சு'ன்னு சைகை காட்டினார். வெறும் ஒத்திகைதான். என்கிட்ட இருந்த உபரி ரெகுலேட்டரை எடுத்துக் கொடுக்கணும். தடவுறேன், தடவுறேன், கிடைக்கலை! கிளிப்புல இருந்து நழுவி முதுகுப் பக்கம் தொங்கிட்டு இருந்திருக்கு சனியன். சிரிச்சுட்டே மேல வந்துட்டோம், ஆனா ராத்திரி தூக்கம் வரலை. நிஜமாவே அவருக்குக் காத்து தீர்ந்திருந்தா?

பொட்டி தட்டுற பய இல்லையா, உடனே வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சுட்டேன்.

1943-ல் பிரான்ஸ்ல கூஸ்தோவும் எமில் கானியான் என்ற பொறியாளரும் 'அக்வாலங்'கை உருவாக்கினாங்க. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டுல, கார்கள் கேஸ்ல ஓடுறதுக்காக கானியான் செஞ்சிருந்த வால்வுதான் அதுக்கு அடிப்படை. ரெகுலேட்டர் முதுகுல, அதுல இருந்து ரெண்டு தடிமனான குழாய் வாய்க்கு. ஒரே ஒரு மவுத்பீஸ்.

அப்போ பக்கத்துல இருக்குறவருக்குக் காத்து தீர்ந்தா? 'பட்டி ப்ரீதிங்'! (நம்ம பட்டிதொட்டி இல்லீங்க.) நீ ரெண்டு மூச்சு, நான் ரெண்டு மூச்சுன்னு ஒரே மவுத்பீஸை மாத்தி மாத்தி இழுக்கணும். வாயில அது இல்லாத நேரத்துல மேல ஏறிட்டு இருந்தா, மூச்சை அடக்கவும் கூடாது. வெளிய அழுத்தம் குறையக் குறைய உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சுடும். பதறிப்போனவர் கையில் கிடைச்சதைத் திருப்பித் தருவாரா, சொல்லுங்க?

திருப்பம் ஆஸ்திரேலியாவுல வந்தது. 1952-ல் மெல்போர்ன்காரர் டெட் எல்ட்ரெட், 'போர்பாய்ஸ்'ங்கிற ஒற்றைக்குழாய் ரெகுலேட்டரை விற்க ஆரம்பிச்சார். அழுத்தத்தைக் குறைக்கிற வேலையை ரெண்டாப் பிரிச்சு, முதல் கட்டத்தை சிலிண்டர்லயும் ரெண்டாவதை வாய்கிட்டயும் வச்சுட்டார். இப்படிப் பிரிச்சதாலதான் பின்னாடி அதே முதல் கட்டத்துல இன்னொரு குழாயைத் திருகி மாட்ட முடிஞ்சது.

அதை யோசிச்சவர் பஹாமாஸ்ல 'யுனெக்ஸோ'வில் இருந்த டேவ் வுட்வர்ட். 1965-66 வாக்குல மூச்சடக்கி ஆழம் போற ஜாக் மயோலுக்குப் பாதுகாப்பா கூடப் போறவங்க ஆளுக்கு ரெண்டு வாய்ப்பகுதி வச்சுக்கிட்டா நல்லதுன்னு நினைச்சார். குழாய்கள் தொங்குறதால இதுக்கு 'ஆக்டோபஸ்'னு பேரு.

பிரச்சினை தீர்ந்ததா? அதான் இல்லை. உபரியை தினமும் யாரும் உபயோகிக்கிறதில்லை. மண்ணுல இழுபட்டுக் கிடக்கும். நம்ம ஆபீஸ் பேக்கப் மாதிரிதான், ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிற அன்னைக்குத்தான் வண்டவாளம் தெரியும்.

இதுக்குப் பதில் ஃபுளோரிடாவின் நீர்க்குகைகள்ல வளர்ந்தது. அங்க நேரா மேல வர முடியாது, கூரை பாறை. ஷெக் எக்ஸ்லி 1979-ல் எழுதின பாதுகாப்புக் கையேட்டுல குகை விபத்துகளை அலசியிருப்பார். உள்ள போக மூணுல ஒரு பங்கு காத்து, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்குங்கிறது குகைக்காரங்க விதி. உபரி வால்வு இருந்து காத்து இல்லைன்னா என்ன பிரயோஜனம்?

அதே ஊர் குகைக்காரர் வில்லியம் ஹோகர்த் மெய்ன். அவரோட நடுப்பெயர்ல 'ஹோகர்தியன்'னு ஒரு அமைப்பே இருக்கு. நான் மூச்சு விடுற ரெகுலேட்டருக்கு சுமார் 2.1 மீட்டர் நீளக் குழாய். உபரி, கழுத்துல ரப்பர் கயிறுல, தாடைக்குக் கீழ. யாராவது கேட்டா என் வாயில இருக்குறதையே எடுத்துக் கொடுத்துட்டு, நான் உபரியைக் கடிச்சுக்கணும். அது வேலை செய்யுதுன்னு போன நொடி வரைக்கும் எனக்குத் தெரியும். பதறுறவர் கண்ணுக்கு முதல்ல படுறதும் அதுதான். குழாய் நீளமா இருக்குறதால குறுகலான இடத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வெளிய வரலாம்.

தேடித் துழாவி மிச்சத்தைக் கொடுக்காதே, நீ சுவாசிக்கிறதைக் கொடு. இந்த எளிய விஷயத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் பாருங்க!

அடுத்த தடவை என் உபரி கழுத்துலதான் தொங்கும்.

டிஸ்கி: நான் பயிற்சியாளர் இல்லை. குழாயை மாத்துறதுக்கு முன்னாடி உங்க வாத்தியார்கிட்ட கேட்டு, ஜோடியோட ஒத்திகை பார்த்துடுங்க சாமி!