குதிரைக்கும் வேணும் 'கோர் வொர்க்அவுட்'! கேரட், கம்பு, ஏரிக்கரை போதும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஊர் எல்லையில் ஐயனாரோட மண் குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. எத்தனை மழை வெயில் வந்தாலும் அசையாம நிக்கும். ஆனா உயிருள்ள குதிரைக்கு அப்படி நிக்குறதே ஒரு வேலை. அதோட எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குது. இதுல வேடிக்கை என்னன்னா, குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. உடம்பின் முன்பகுதியைத் தசைகள்தான் தொட்டில் மாதிரி தூக்கிப் பிடிக்குது.

அந்தத் தசைகளும் முதுகு, வயிற்றுத் தசைகளும் பலமா இல்லைன்னா குதிரை தடுமாறும், முதுகு வலிக்கும். ரீல்ஸ் ஆசையில் 2 வயசுக் குட்டி மேல ஏறி உட்கார்றது இதனாலதான் ஆபத்து. முதுகெலும்பு முழுசா வளர்ந்து முடிய 5, 6 வருஷம் ஆகும்.

சரி, என்ன செய்யலாம்? 10 நிமிஷம் மெதுவா நடக்கவிட்டு உடம்பு சூடானதும் இதையெல்லாம் செய்ங்க.

1. கேரட் ஸ்ட்ரெட்ச்

குதிரையைச் சமதளத்தில் நிறுத்துங்க. கேரட்டைக் காட்டி அதோட மூக்கை நெஞ்சுக்கு, முட்டிகளுக்கு நடுவுல, அப்புறம் விலாவுக்குன்னு மெதுவா கொண்டுபோங்க. சில விநாடி நிக்கட்டும், பிறகு கேரட்டைக் கொடுங்க. ஒவ்வொரு அசைவும் 5 தடவை, வாரம் 5 நாள். 8 குதிரைகளை வெச்சு 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மாதிரிப் பயிற்சியை 3 மாசம் செஞ்சதும் முதுகெலும்பை ஒட்டிய தசைகள் தடிச்சிருந்தது. கழுத்தைக் கையால பிடிச்சு இழுக்காதீங்க. அது தானா எட்டுற தூரம்தான் கணக்கு.

2. பின்னோக்கி நடை

தலை தாழ்ந்த நிலையில் 3 முதல் 5 அடி, மெதுவா, நேரா. பின்னங்காலும் வயிற்றுத் தசையும் சேர்ந்து வேலை செய்யும். கயிற்றை வெடுக்குனு இழுத்தா தலையைத் தூக்கி முதுகை வளைச்சுடும், பலன் போயிடும்.

3. கம்பு தாண்டுறது

தரையில் 3, 4 கம்புகளைச் சுமார் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு நடக்கவிடுங்க. காலைத் தூக்கி வைக்கப் பழகும். உருளுற மூங்கில் வேண்டாம். சவுக்குக் கம்பு போட்டு, ரெண்டு முனையிலும் மண் மூட்டை வைங்க.

4. ஏரிக்கரை ஏத்தம் இறக்கம்

சரிவு குறைவான கரையில் ஏறி இறங்கட்டும். ஓட்டம் வேண்டாம், நடைதான். இறங்கும்போது இன்னும் மெதுவா. முதல் வாரம் ரெண்டு தடவை போதும்.

நம்ம ஊர்ல இதைக் கவனிங்க

கொள்ளிடம் மணல் மெத்துனு இருக்கேன்னு ஆழமான மணலில் ஓடவிட்டா தசைநார் இழுத்துக்கும். மழை பெஞ்ச கரிசல் வழுக்கும். பெரம்பலூர்ல சின்ன வெங்காயம் மலிவா கிடைக்குதுன்னு அதைப் போட்டுடாதீங்க. வெங்காயம் குதிரையோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சு ரத்தசோகையைக் கொண்டுவரும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே, 20 நிமிஷத்துக்குள்ள பயிற்சியை முடிச்சுடுங்க.

எப்போ நிறுத்தணும்?

காதைப் பின்னாடி மடக்குது, வாலைச் சுழற்றுது, முதுகைத் தொட்டா சுருங்குது, நொண்டுதுன்னா அது அடம் இல்ல, வலி. நிறுத்திட்டு கால்நடை மருத்துவரைப் பாருங்க. கால்நடைக்கான அவசர எண் 1962. ஏற்கெனவே காயம் பட்ட குதிரைன்னா, மருத்துவர் சரின்னு சொன்ன பிறகே ஆரம்பிக்கணும்.

உங்க போனுக்கும் ஒரு வேலை இருக்கு. 15 நாளைக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே பக்கத்திலிருந்து குதிரையைப் படம் எடுங்க. 3 மாசம் கழிச்சு வரிசையா வெச்சுப் பார்த்தா, முதுகு மேடு நிரம்பியிருக்கான்னு அதுவே சொல்லும். லைக் வாங்குற ரீல்ஸைவிட அந்தப் படங்கள்தான் உங்க குதிரைக்கு உதவும்!