நிறுத்தி நிறுத்திப் படித்த புத்தகம்

பிரெஞ்சுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு 'கூர் முவாயேன்' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அது மறந்திருக்காது. எழுத்துக் கூட்டும் பருவம் முடிந்து, படிப்பது புரிகிறதா என்று வாத்தியார் சோதிக்கும் பருவம் அது.

பிரான்சில் 1881, 1882-ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. அந்தக் காலத்துப் பள்ளிகளில் வேரூன்றிய வாசிப்பு முறை இதுதான்: வாத்தியார் முதலில் தானே படித்துக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் படிப்பார்கள். நடுநடுவே நிறுத்தி, சொல்லுக்குப் பொருள் கேட்பார். ஏன், எப்படி என்று கேட்பார். கடைசியில் புத்தகத்தை மூடச் சொல்லி, படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வார்.

இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு புத்தகம் 1877-இல் வந்திருந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இரு சிறுவர்களின் பிரான்சுச் சுற்றுப்பயணம்'. ஆசிரியர் ஜி. புருனோ என்று அட்டையில் இருக்கும். உண்மையில் எழுதியவர் ஒகுஸ்தீன் ஃபுய்யே என்ற பெண்மணி. 1871-இல் ஜெர்மனியிடம் போன லொரேன் பகுதியிலிருந்து, தகப்பனை இழந்த அந்திரேயும் தம்பி ழூலியேனும் சித்தப்பாவைத் தேடிப் புறப்படுகிறார்கள். போகிற வழியில் பாலாடைக்கட்டி செய்வதைப் பார்க்கிறார்கள், இரும்பு உருக்குவதைப் பார்க்கிறார்கள். ஒரே பாடத்தில் பூகோளம், தொழில், ஒழுக்கம் மூன்றையும் நடத்திவிடலாம். பல லட்சம் பிரதிகள் விற்றது.

எங்கள் காலத்தில் வாசகப் புத்தகம் வேறு, முறை அதேதான். ஒருநாள் பாடத்தில் 'நேழ்' என்ற சொல் வந்தது. பனி என்று ஒருவன் பொருள் சொன்னான். வாத்தியார் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "மார்கழிப் பனியில் முழங்கால் வரை கால் புதையுமாடா? அடுத்த வரியைப் படி" என்றார். அடுத்த வரியில் ஒருவர் அதை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். இது வேறு பனி என்று நாங்களே கண்டுகொண்டோம். இப்போது என் பேரன் கைப்பேசியில் படம் பார்த்து ஒரு நொடியில் தெரிந்துகொள்கிறான். எனக்கென்னவோ அந்த மண்வெட்டிதான் மறக்கவில்லை.

ஆனால் எங்கே நிறுத்துவது என்பது வாத்தியார் கையில் இருக்கிறது. சில சமயம் அரசியலின் கையிலும். 1905-இல் அரசும் திருச்சபையும் பிரிந்தன. மறு ஆண்டே அந்தச் சுற்றுப்பயணப் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. அதில் கடவுள் பெயரும் மாதா கோவில்களும் எடுக்கப்பட்டிருந்தன. பாரிசுக்குப் போகிற சிறுவர்கள் நோத்ர் தாம் கோவிலைப் பார்க்காமலே திரும்பினார்கள்!

அதைவிட என்னை உறுத்துவது வேறொரு பக்கம். மனித குலத்தில் நான்கு இனங்கள் என்று படம் போட்டு, வெள்ளை இனமே எல்லாவற்றிலும் நிறைவானது என்று அந்தப் பெண்மணி எழுதியிருக்கிறார். பிரான்சின் கிராமத்து வாத்தியார் அந்த வரியில் நிறுத்தி ஏன் என்று கேட்டிருக்க வழியில்லை. அந்த வகுப்பில் கேட்கத் தோன்றுகிற பிள்ளையும் இருந்திருக்காது. எங்கள் வகுப்பில் அந்தப் பக்கம் வந்திருந்தால், முப்பது கறுத்த முகங்கள் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்திருக்கும். அவரும் எங்களைப் போலக் கறுப்புதான்.