பொது அறிவும் தமிழ்க் களஞ்சியங்களும்



ஆண்டைக் காட்டிலும் நாள் நீண்டிருக்கும் கோள் எது? கரையே இல்லாத கடல் எது? மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு ஸ்டான்லி என்னும் பெயர் எவரால் வந்தது? பொது அறிவுப் போட்டிகளில் இத்தகைய கடு வினாக்கள் எழுவதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளி என்றும், சர்காசோ என்றும், 1934-ஆம் ஆண்டில் அணை நிறைவெய்தியபோது சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லி என்றும் நொடிப்பொழுதில் விடை பகரும் மாணவர்கள் எடப்பாடியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளிலும் உளர். அவர்களைப் பாராட்டுகிறேன். ஆயின், விடை சொல்லியவுடன் அறிவு முற்றுப்பெற்றுவிடுகிறதா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

முதல் வினாவையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 225 புவி நாட்கள் ஆகின்றன. தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள 243 நாட்கள் ஆகின்றன. ஆகவே விடை சரியே. ஆனால், 'நாள் என்றால் என்ன?' என்று ஒரு மாணவன் மேலும் ஒரு கேள்வி கேட்பானாயின் காட்சி மாறிவிடுகிறது. வெள்ளி நம் புவிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் அங்கே ஒரு ஞாயிற்றெழுச்சியிலிருந்து மறு ஞாயிற்றெழுச்சி வரையுள்ள காலம் ஏறத்தாழ 117 புவி நாட்களே. அவ்வாறு கணக்கிட்டால், வெள்ளியின் ஆண்டு அதன் நாளைவிட நீண்டது! முதல் வினா நினைவைச் சோதித்தது. இரண்டாம் வினாவே அறிவை வளர்த்தது.

இரண்டாம் வினாவைக் கேட்கும் ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது. அதற்கு விடை தேடிச் செல்ல ஓர் இடம் வேண்டும். அவ்விடம் தாய்மொழியிலேயே அமையவில்லையெனில், சிற்றூர் மாணவனின் வினா அவன் நாவிலேயே மடிந்துவிடும். தமிழில் அத்தகைய இடம் உருவான வரலாறு நாம் அறியத்தக்கது.

நம் முன்னோரின் பொது அறிவு நூல்கள் நிகண்டுகளே. அவற்றுள் பழைமையானது திவாகரம். அது பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வாரியாகப் பெயர்களைத் தொகுத்துச் செல்லும் அந்நூல், இறுதித் தொகுதியில் இருசுடர், முக்குணம், நவமணி போன்ற எண்வகைத் தொகைகளை விளக்குகிறது. இன்றைய போட்டி வினாக்களுக்கு அதனை மூதாதை எனலாம். பின்னர் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தனர். ஓலைச்சுவடி அருகியிருந்த காலத்தில் நினைவே நூலகம். ஆதலின் செய்யுள் வடிவம் பொருந்துவதாயிற்று. ஆனால் மனப்பாடம் செய்யாதவனுக்கு அந்நூல் எளிதில் கைகொடாது.

இக்குறையை நீக்கியது அகரவரிசை. வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதி, நிகண்டுச் சொற்களை அகரவரிசையில் நிறுத்தியது. எழுத்தறிந்த எவரும், முன்னர்க் கல்லாததையும், தாமே தேடிக் கண்டுகொள்ளும் வழி திறந்தது. கல்வி வரலாற்றில் இது சிறிய மாற்றம் அன்று.

அவ்வழியே இருவர் அரும்பணி ஆற்றினர். யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902-ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்டார். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராய் உழைத்து அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை அச்சேற்றப் பொருள் வேண்டுமே! மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910-ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. ஓர் ஆசிரியரின் உழைப்பும் ஒரு வள்ளலின் கொடையும் ஒருங்கே சேர்ந்து பிறந்த நூல் அது.

எனினும் அந்நூல்களில் புராணமும் இலக்கியமும் மிகுதி. புதிய விஞ்ஞானம் குறைவு. விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதச் சொற்கள் வேண்டியிருந்தன. இங்கே நம் சேலம் நகரம் வரலாற்றில் இடம் பெறுகிறது. அப்போது சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜியும், வெங்கடசுப்பையரும் 1916-ஆம் ஆண்டில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டு, இதழும் நடத்தினர். கல்லூரிகளில் ஆங்கிலமே ஆட்சி செய்த காலத்தில், அடிப்படைச் சொற்களைத் தேடிய அம்முயற்சி எத்துணைத் தொலைநோக்குடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாடு விடுதலை எய்தும் காலத்தில், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1946-ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அக்கழகம் மேற்கொண்ட பெரும்பணி கலைக்களஞ்சியம். அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ம. ப. பெரியசாமித் தூரன் நம் கொங்கு நாட்டவர். ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-ஆம் ஆண்டில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றியவர். ஏறத்தாழ 1,200 அறிஞர்களின் கட்டுரைகளைப் பெற்று, மாணவனும் விளங்கிக்கொள்ளும் தமிழில் அவற்றை ஒழுங்குபடுத்துவது எளிய செயலா? ஒவ்வொரு துறைக்கும் சொல் தேட வேண்டும். ஒரு பொருளை எல்லாரும் ஒரே சொல்லால் குறிக்கச் செய்ய வேண்டும். 1954-ஆம் ஆண்டில் முதல் தொகுதி வெளிவந்தது; 1968-இல் பத்தாம் தொகுதியுடன் பணி நிறைவெய்தியது. அத்துடன் ஓய்ந்துவிடாமல், 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

ஆங்கிலம் அறியாத மாணவனும் அணுவையும், எரிமலையையும், இதயத்தின் இயக்கத்தையும் பற்றித் தன் மொழியில் தேடிப் படிக்க இயன்றது இத்தகையோரின் உழைப்பால்தான். அத்தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக இன்று கைப்பேசியிலும் காணலாம். ஒரு தலைமுறை நூலகம் தேடி நடந்தது. உங்கள் தலைமுறைக்கு நூலகம் உள்ளங்கையில் வந்து நிற்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. விடை விரைந்து கிடைப்பதனாலேயே வினா குன்றிவிடக் கூடாது. ஒரு விடையைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது ஏன்? எவ்வாறு அறிந்தனர்? எப்பொருளில் இது சரி? களஞ்சியத்திலும் பழையன கழிந்து புதியன புகுதல் உண்டு. ஆதலின் பதிப்பித்த ஆண்டையும் நோக்குங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். சர்காசோக் கடலை அறிந்த மாணவன், சேர்வராயன் மலையில் தோன்றி, ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் சரபங்கா நதியையும் அறிந்திருக்க வேண்டும். அந்நதி எத்தனை ஏரிகளை நிரப்புகிறது? எவ்வாண்டுகளில் பெருகியது? அதன் கரையில் எப்பயிர்கள் விளைந்தன? இவற்றிற்கு முழு விடை அச்சிட்ட நூல்களில் எளிதிற் கிட்டாது. ஊர்ப் பெரியோரைக் கேட்டு, வயல்வெளியில் நடந்து, நீங்களே எழுதி வைக்க வேண்டும். சிங்காரவேலு முதலியாரும் தூரனும் செய்த பணியும் அதுவே: பிறர் கேட்கப்போகும் வினாவுக்குத் தாம் முன்னரே உழைத்து விடை தேடி வைத்தனர். களஞ்சியத்திலிருந்து எடுப்பவர் பலர். அதில் ஒரு மணியேனும் சேர்ப்பவராக நீங்கள் விளங்குவீர்களாக!