தண்ணீர் போன வழி: உயரத் தரவிலிருந்து ஓடைகளை வரைவது எப்படி?

வன்னியில் மீள்குடியேறிய கிராமங்கள் பலவற்றில், மாரியில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் குறைந்துவிட்டார்கள். சிலர் போரில் போய்விட்டார்கள், சிலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள். பற்றை மூடிய காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டிய குடும்பத்துக்கு, அதற்குள்ளால் ஒரு ஓடை போனது பெருமழையில்தான் தெரியவருகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனால் செய்திக்காகப் போன இடங்களில் ஓடை, வாய்க்கால் பிணக்குகள் திரும்பத் திரும்ப வந்ததால், இலவசத் தரவையும் மென்பொருளையும் கொண்டு நீரோட்டப் பாதைகளை வரையப் பழகினேன். கணனியும் இணைய இணைப்பும் உள்ள யாரும் இதைச் செய்யலாம்.

தரவு

2000 பெப்ரவரியில் அமெரிக்காவின் என்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. எஸ்.ஆர்.ரி.எம் எனப்படும் அந்தத் தரவில், ஏறத்தாழ 30 மீற்றர் பக்கமுள்ள ஒவ்வொரு சதுரக் கட்டத்துக்கும் ஓர் உயரம் இருக்கிறது. 2009இற்குப் பின் உயர்த்தப்பட்ட வீதிகளும் நிரவப்பட்ட காணிகளும் அதில் இல்லை. போருக்குப் பிந்திய நிலத்தைப் பார்க்க, 2011 முதல் 2015 வரை ஜேர்மன் செய்மதிகள் அளந்த கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு உண்டு. அதுவும் இலவசம்.

வரையும் முறை

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தரவைத் திறந்து, அளவுகள் மீற்றரில் வரும்படி யூ.ரி.எம் 44 வடக்கு வலயத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு நான்கு படிகள்.

1. தரவிலுள்ள போலிப் பள்ளங்களை நிரப்புதல். நிரப்பாவிட்டால் ஓட்டம் அவற்றில் விழுந்து நின்றுவிடும்.

2. ஓட்டத் திசை. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் உள்ளன. அவற்றில் எந்தப் பக்கம் சரிவு கூடவோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று மென்பொருள் கொள்கிறது.

3. ஓட்டத் திரட்சி. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணுகிறது.

4. எல்லை எண். எத்தனை கட்டங்கள் சேர்ந்தால் அது ஓடை என்பதை நாம்தான் சொல்கிறோம். 1000 என்று கொடுத்தால், ஏறத்தாழ 90 ஹெக்டயர், அதாவது 220 ஏக்கர் நிலத்தின் நீர் சேருமிடத்தில் கோடு தொடங்கும். 200 என்று கொடுத்தால் படம் முழுவதும் ஓடைகள் முளைக்கும்.

முதலில் தெரிந்த ஆற்றை வரைந்து பாருங்கள். கனகராயன் ஆறு வவுனியாவின் வடபகுதியில் தொடங்கி இரணைமடுவுக்குள் இறங்கி, சுண்டிக்குளம் நீரேரிப் பக்கம் போகிறதா?

எங்கே பிழைக்கும்

ரேடார் அடர்காட்டில் தரையை அல்ல, மரங்களின் மேற்பகுதியையே பெரிதும் அளக்கிறது. அதனால் காடு மேடாகத் தெரியும். காட்டோரத்தில் ஓடை இல்லாத வளைவு எடுக்கும். குளத்தின் நீர்ப்பரப்பு தட்டையாக இருப்பதால், அதற்கு மேலால் நேர்கோடுகள் விழும். துருசும் வானும் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. குளக்கட்டை வேறிடத்தில் ஊடறுத்துக் கோடு போகலாம். கரையோரச் சமவெளியில் தரவின் சில மீற்றர் பிழையே நிலத்தின் சரிவை விழுங்கிவிடும். யாழ். குடாநாட்டின் சுண்ணக்கல்லில் மழைநீரில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்குகிறது. அங்கே பெயர் சொல்லக்கூடிய ஆறு வழுக்கியாறுதான். மென்பொருளோ அங்கும் பல ஆறுகளை வரைந்து தரும்.

ஆகவே கோட்டைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும். மருத மரங்கள் வரிசையாக நிற்கின்றனவா, வீதியில் மதகு இருக்கிறதா, வேலியில் வெள்ளம் கொண்டுவந்த சருகு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தி அங்கே வயல் செய்தவரைத் தேடிக் கேளுங்கள். அவர் கனடாவில் இருந்தாலும் படத்தை அனுப்பிக் கேட்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

இந்தக் கோடு நமக்கு உதவும், நமக்கெதிராகவும் வரலாம். ஓடை ஒதுக்கீட்டுக்குள் உங்கள் காணி வருகிறது என்று ஒரு படத்தைக் காட்டினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டுத் தரவு? எல்லை எண் என்ன? யாராவது நடந்து பார்த்தார்களா? எல்லை எண்ணை மாற்றினால் ஒரு வீடு ஓடைக்குள் போகும், வெளியேயும் வரும். அந்தக் கோடு நில அளவைப் படம் அல்ல. வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் அது காட்டாது.

மறுபக்கத்தில், புதிய வீதி ஒன்று தண்ணீரை மறித்து உங்கள் வளவுக்குள் திருப்புகிறது என்றால், இரண்டு காலத் தரவிலும் வரைந்த படங்களையும் வெள்ளம் நின்ற இடங்களின் திகதியிட்ட ஒளிப்படங்களையும் இணைத்துப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கையொப்பமிட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்ட இருப்பவர்கள், அத்திவாரம் வெட்ட முன்னரே இதை வரைந்து பார்ப்பது நல்லது.